எரிமலைத் தீவில் ஒரு வரப்பு

எங்கள் ஊரில் கல் கிடையாது. பாறாங்கல்லைச் சொல்லவில்லை, ஒரு நாயை விரட்டக் குனிந்தால்கூடக் கையில் களிமண் கட்டிதான் வரும். காவிரி காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். எவ்வளவு தோண்டினாலும் மண்ணுக்குக் கீழே மண்தான். அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் எங்களுக்கு வெளியூர்ச் சரக்கு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு அரசுப் பள்ளியில் காலமெல்லாம் பூகோளம் நடத்தினேன். கரும்பலகையில் எரிமலை வரைந்து, சிவப்புச் சாக்பீஸால் அதன் வாயிலிருந்து நெருப்பை ஒழுகவிட்டு, "இதுதான் லாவா" என்று வாய் கூசாமல் சொல்லிக் கொடுத்தேன். பார்த்தேனா? எங்கே பார்த்தேன்! சாதாரண மலையையே பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஓய்வு பெற்ற அன்றே முடிவு செய்துவிட்டேன். எரிமலை கக்கிய தரையில் என் காலால் நடக்க வேண்டும். என் இடது கால் முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் கோணல். நடந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். அந்தக் காலால்தான் நடக்க வேண்டும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மகள் போனில் கேட்டாள். "கலபகோஸ் தீவுக்குப் போறியாம்மா? எல்லாமே எரிமலைத் தீவு. சின்னக் கப்பல், பதினாறு பேர்தான். அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போ."

அந்த வருஷம் பார்த்து என் வீட்டுக்காரருக்கு அறுபது நிறைந்தது. வந்தது வினை. அவருடைய தங்கை, என் நாத்தனார், மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிட்டாள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்தே ஆக வேண்டுமாம்.

"ஊர்ல எல்லாரும் திருக்கடையூர்ல மாலை மாத்திக்கிறாங்க. நீங்க பல்லி பாக்கப் போறீங்களா அண்ணி?"

"பல்லி இல்லடி, ஓணான். கடல்ல நீந்துற ஓணான்."

"அதுக்கு எதுக்கு ஏரோப்ளேனு? கொல்லையில இல்லாத ஓணானா?"

இவள் யார் தெரியுமா? சாகும்வரை கறுப்புச் சட்டையைக் கழற்றாதவரின் மகள். எங்கள் கல்யாணம் சுயமரியாதைக் கல்யாணம். ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது, தாலி கிடையாது. மாலையும் மைக் செட்டும்தான். தலைமை தாங்க வந்த கட்சிப் பேச்சாளர் பேசினார் பேசினார், சாம்பார் ஆறிப்போகும்வரை பேசினார். "ஐயர் இல்லாம ஆன கல்யாணத்தை இப்ப ஐயரை வெச்சு செல்லுபடியாக்கணுமா? உங்கப்பா இருந்தா உன்னைச் சும்மா விடுவாரா?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தக் காலை வெச்சுக்கிட்டு அண்ணி எங்க நடக்கப் போறாங்களாம்?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் போகாமல் இருப்பேனா? அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டேன்.

கப்பல் சின்னதுதான். காலையில் ஒரு தீவு, மாலையில் ஒரு தீவு. கரைக்குக் கப்பல் போகாது. ரப்பர் படகில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவார்கள். சில இடத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் நடக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் அதற்கு ஒரு பாடு செருப்பு மாற்றினார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடவு வயலில் இறங்குவதுபோல இறங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். உத்தியோகம் விட்டாலும் புத்தி விடவில்லை. எல்லோரும் படகில் ஏறி உட்கார்ந்ததும், தலைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரப்பரில் இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்!" என்பார். மூன்றாம் நாளிலிருந்து படகோட்டி அவர் சொல்லாமல் மோட்டாரைக் கிளப்பவே இல்லை. மனுஷருக்குப் பெருமை தாங்கவில்லை.

லாவாவைப் பார்த்தேன். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. கருப்பட்டிப் பாகைக் கீழே கொட்டி, அது சுருண்டு சுருண்டு உறைந்துபோனால் எப்படி இருக்கும்? அதே மாதிரி, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். குனிந்து கையால் தொட்டேன். சுட்டது, நெருப்பால் இல்லை, வெயிலால். எத்தனை பிள்ளைகளுக்கு இதை வரைந்து காட்டினேன், ஒரு தடவைகூட இந்தக் கறுப்பை நான் சரியாகச் சொல்லவில்லையே என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன, தூசியா?" என்றார். ஆமாம் என்றேன்.

அந்தக் கல்லின் மேல் நூற்றுக்கணக்கில் கடல் ஓணான்கள், ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. குடித்த உப்பை மூக்கு வழியாகப் புஸ் புஸ்ஸென்று தும்மின. நாத்தனாருக்குக் காட்டுவதற்காகவே படம் எடுத்துக்கொண்டேன். நடுவில் ரத்தச் சிவப்பில் நண்டுகள் ஓடின. கடல்சிங்கம் ஒன்று குட்டிக்குப் பால் கொடுத்தபடி படுத்திருந்தது. நாங்கள் போவதை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது. எந்தப் பிராணியும் எங்களைக் கண்டு ஓடவில்லை. மனுஷனுக்குப் பயப்பட வேண்டும் என்று அவற்றுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

வழிகாட்டி அந்தத் தீவுகளிலேயே பிறந்த பெண். இங்கிலீஷில் சட்டம் போல ஒன்றைத் தினமும் சொல்வாள். பாதையை விட்டு இறங்கக் கூடாது. பாதையில் பறவையோ பிராணியோ இருந்தால் அதை எழுப்பக் கூடாது. சுற்றிப் போக முடிந்தால் போகலாம். முடியாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும்.

எங்களோடு கப்பலில் இன்னொரு தமிழர் இருந்தார். அமெரிக்காவில் டாக்டர். கழுத்தில் கைக்குழந்தை கனத்துக்கு ஒரு கேமரா. இரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தமிழா! எந்த ஊருங்க?"

"குடவாசல் பக்கம்."

"அட, நமக்கும் அந்தப் பக்கம்தாங்க பூர்வீகம்!" முகமெல்லாம் சிரிப்பு. என் ஊர்ப் பெயரைக் கேட்டார். சொன்னேன். தெரியுமே என்றார். அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். பூமியின் மறுபக்கத்துக்கு வந்தாலும் அது வந்தே தீரும்.

"அங்க எந்தத் தெரு?"

"தெருவுக்குள்ள இல்லீங்க. வாய்க்காலுக்கு அந்தாண்ட."

சிரிப்பு போகவில்லை, ஆனால் இருந்த இடத்திலேயே கொஞ்சம் நின்றது. நல்ல மனுஷர்தான், குறை சொல்லக் கூடாது. தண்ணீர் ஜாடியை எடுத்து எனக்கு ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு, யாரையோ நொந்துகொள்வதுபோலச் சொன்னார்.

"எங்க தாத்தாவுக்கு அங்க வேலிக்கணக்குல நிலம் இருந்துச்சு. சீலிங்கு, குத்தகைச் சட்டம், அது இதுன்னு எல்லாம் போச்சு. இந்தக் கட்சிக்காரங்க வந்தாங்க, எல்லாத்தையும் முடிச்சாங்க."

"நிலம் எங்கயும் போகலீங்க சார்," என்றேன். "அங்கயேதான் கிடக்கு. இந்தத் தடவைகூட நல்ல விளைச்சல். நீங்கதான் போயிட்டீங்க."

வீட்டுக்காரர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நல்ல காலைத்தான் மிதித்தார்.

காலைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். புது ஆட்சி வந்த புதுசு. ஊரெல்லாம் கறுப்பு சிவப்புக் கொடி. ஆனால் வயலில் பழைய ராஜ்யம்தான். எங்கள் குடிசை இருந்த மனை மிராசுதாருடையது. வேலை அவர் வயலில். வரப்பில் நாங்கள் போகும்போது எதிரே மிராசுதாரோ அவருடைய காரியஸ்தரோ வந்தால், நாங்கள் சேற்றில் இறங்கி நிற்க வேண்டும். ஆண், பெண், பிள்ளைத்தாய்ச்சி, தலையில் நாற்றுக்கட்டு, எதுவும் கணக்கில்லை. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. கால் தானாக இறங்கிவிடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. அன்றைக்கு அம்மாவுக்குக் கஞ்சித் தூக்கு எடுத்துக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே காரியஸ்தர், குடை பிடித்தபடி. நான் இறங்கவில்லை. வீரம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் அப்போதுதான் நட்டிருந்தார்கள். நட்ட நாற்றை மிதித்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

"இறங்கு," என்றார்.

"எங்க இறங்குறதுங்க? நட்டிருக்கே!" என்றேன்.

குடையை மடக்கி அதன் கைப்பிடியால் தள்ளினார். வாய்க்கால் மடையின் செங்கல் இடுக்கில் கால் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் விழுந்தது. நாட்டுக்கட்டு போட்டார்கள். எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது.

"பிள்ளைய ஏன் தள்ளுனீங்க?" என்று அப்பா போய்க் கேட்டார். அவர் அப்போதுதான் சிவப்புக் கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். கேள்வி கேட்டதற்குப் பதில் மறுநாள் காலை வந்தது. காரியஸ்தர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனையைக் காலி பண்ணச் சொன்னார். அப்பா சங்கத்துக்காரர்களைக் கூப்பிட ஓடினார். அம்மா உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிறந்து சில மாதமே ஆன என் தம்பி. பக்கத்தில் கட்டுப்போட்ட காலோடு நான்.

காரியஸ்தர் வாசலில் நின்று கையைத் தட்டினார். கோழியை விரட்டத் தட்டுவோமே, அப்படி. "எந்திரி. ம்... எந்திரி." அம்மா எழுந்திருக்கவில்லை. பேசவும் இல்லை. ஆட்கள் மேலே ஏறிக் கூரைக் கீற்றைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். குப்பையும் கரையானும் எங்கள் மேல் கொட்டின. பிறகு வெயில் கொட்டியது. அம்மா முந்தானையை விரித்துத் தம்பிக்கும் எனக்கும் நிழல் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் மறுபடி தட்டினார். அவள் அசையவில்லை. ஆள் உட்கார்ந்திருக்கும்போது சுவரை இடிக்க அந்த ஆட்களுக்கே மனம் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் சங்கத்துக்காரர்கள் கொடியும் கீற்றுமாக வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கே கூரை மறுபடி ஏறியது. பின்னால் சென்னையில் சட்டம் போட்டார்கள்: குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம். பட்டா அம்மா பெயருக்கு வந்தது. அந்த மனையில்தான் இன்று எங்கள் மாடி வீடு நிற்கிறது.

அன்றிலிருந்து நான் யாருக்கும் ஒதுங்கியதில்லை. பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாண மண்டபத்துப் பந்தியில், எங்கேயும். "அவ நகர மாட்டா, நாமதான் நகரணும்," என்று என் வீட்டில் சொல்வார்கள். திமிர் என்று ஊரில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்!

கடைசித் தீவுக்கு வந்தோம். அங்கே பாதை கரடுமுரடான எரிமலைக் கல்லின் மேல் போய்க் கடலோரச் செங்குத்துப் பாறையில் முடியும். அந்த முனையில் லாவாவில் ஒரு துளை. அலை வந்து மோதினால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டு எழும். பாறை விளிம்பிலிருந்து பெரிய ஆல்பட்ராஸ் பறவைகள் காற்றில் குதிக்கும். பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்துப் பார்த்து ஏங்கிய இடம்.

வழிகாட்டி என் காலைப் பார்த்தாள். "இந்தப் பாதை உங்களுக்கு வேண்டாம். கப்பலிலிருந்தே பாருங்கள்," என்றாள்.

"வருவேன். கடைசி ஆளாக வருவேன், முனை வரைக்கும் வருவேன்," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கணவர் கூடவே நடக்க வேண்டும், மற்றவர்கள் திரும்பும்போது நானும் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

மற்றவர்கள் முன்னால் போனார்கள். நான் ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவிக் கால் வைத்தேன். வீட்டுக்காரர் பின்னால். கொஞ்ச தூரத்தில் பாதை ஒடுங்கியது. ஒற்றை ஆள்தான் போகலாம். இரண்டு பக்கமும் நீலக்கால் பறவைகள் முட்டையிட்டிருந்தன. கூடு எதுவும் கட்டுவதில்லை. வெறுந்தரையில், சுற்றிலும் எச்சத்தால் ஒரு வெள்ளை வட்டம், நடுவில் முட்டை. வாத்துக்கால் போல விரிந்த அந்த நீலப் பாதங்களை முட்டையின் மேல் போர்த்தி அடைகாத்தன.

அப்போது எதிரே டாக்டர் வந்தார். தொப்பியைப் படகில் விட்டுவிட்டாராம், எடுக்கப் போகிறாராம். முதுகில் பெரிய பை, கையில் கேமரா நிறுத்தும் கால். என் முன்னால் வந்து நின்றார்.

"கொஞ்சம் ஒதுங்குங்களேன் மேடம்."

நான் நின்றேன்.

"ஒரு அடி கீழ இறங்கினாப் போதும். நான் போயிடுவேன்."

அவர் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. சுமையோடு வரும் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் எனக்குள் ஒன்பது வயசுக்காரி ஒருத்தி விழித்துக்கொண்டாள்.

"எங்க இறங்குறதுங்க? முட்டை இருக்கே!"

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மலை மாதிரி நின்றேன். திரும்பி நடக்கலாமென்றால் அந்தப் பையும் கேமராக் காலும் பறவைகளை இடிக்கும். பின்பக்கமாகவே போக வேண்டியதுதான். என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. டிப்போவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கொடுக்கும் அதே குரலை எடுத்தார்.

"வரலாம் வரலாம்... லெப்ட்ல ஒடிங்க சார்... ஆங், அப்படியே... வரலாம் வரலாம்... ஹோல்டான்!"

டாக்டர் வரப்பில், மன்னிக்கவும், பாதையில் பின்பக்கமாக நடந்தார். நான் முன்பக்கமாக, அவர் முகத்தைப் பார்த்தபடி நடந்தேன். அந்தக் கொஞ்ச தூரம் எனக்கு எவ்வளவு ஆனந்தமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. அகலமான இடம் வந்ததும் மூவரும் மூச்சு வாங்கினோம். அவரும் சிரித்துவிட்டார்.

"சரியான ஆள் மேடம் நீங்க."

முனை அங்கிருந்து தெரிந்தது. அலை மோதியது, தண்ணீர் பீறிட்டு எழுந்தது, சாரல் என் முகத்தில் அடித்தது. எங்கள் ஆட்கள் அங்கே நின்று கைதட்டிக் கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம்தான். கால் வைக்கப் போனேன். பாதையின் நட்டநடுவே ஒரு நீலக்கால் பறவை முட்டையோடு உட்கார்ந்திருந்தது.

மற்றவர்கள் பக்கத்துப் பாறையில் தாவி, அங்கிருந்து அந்தப் பக்கம் தாவிப் போயிருக்கிறார்கள். இந்தக் காலால் தாவ முடியாது. ஒரு தடவை முயன்றேன். சறுக்கியது. வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பறவை என்னைப் பார்த்தது. வாயைத் திறந்து வெயிலில் இரைத்தது, எழுந்திருக்கவில்லை. இறக்கையைக் கொஞ்சம் தளர்த்தி முட்டைக்கு நிழல் கொடுத்தது. எதிர்ப்பாறையில் ஒரு கடற்காக்கை அந்த முட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டாக்டர் தாழ்ந்த குரலில், உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. கையைத் தட்டினா எந்திரிச்சிடும் மேடம். ஒரு நிமிஷம். நீங்க தாண்டிடலாம். கைடு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கா."

இரண்டு கையையும் தூக்கினார், தட்டுவதற்கு.

"தட்டாதீங்க," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தட்டிப் பாத்தாங்க சார், எங்க வீட்டு வாசல்ல. கூரையைப் பிச்சுட்டுத் தட்டுனாங்க. எங்கம்மா எந்திரிக்கலை."

தூக்கிய கை அப்படியே நின்றது. அலை ஒருமுறை எழுந்து விழுந்தது. அவர் கையை இறக்கிக்கொண்டார்.

முனையை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். ஆசை தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. ஆனாலும் திரும்பினேன். யாருக்கும் வழிவிடாத நான் அவளுக்கு வழியை விட்டேன். யாரும் தள்ளாமல், நானாக விட்டேன்.

திரும்பும்போது பாதை மறுபடி ஒடுங்கியது. இந்த முறை நான் முதலில் நுழைந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் தொப்பி எடுக்கப் போகும் டாக்டர். நான் ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவி, சாய்ந்து சாய்ந்து, நின்று நின்று நடந்தேன். உச்சி வெயில். பின்னால் டாக்டர் தலையில் தொப்பி இல்லை. தாண்டிப் போக இடமும் இல்லை. படகு வரைக்கும் என் காலின் வேகத்துக்குத்தான் அவர் நடந்து வந்தார்.